வெள்ளைக்கு வந்த வாழ்வு

சிவகாசியில் கேட்லாக் அச்சடித்த காலத்தில், ஒரு எவர்சில்வர் குடத்துக்கு ஆன செலவைவிட அதைச் சுற்றியிருந்த வெறுமைக்கு ஆன செலவு அதிகம். இன்று அதே வெறுமையை என் அக்கா மகன் செல்போனில் ஒரு தட்டு தட்டி வரவழைக்கிறான். "இதுக்கா மாமா ரூம் முழுக்க லைட்டு வச்சிருந்தீங்க?" என்று வேறு கேட்கிறான்.

இதற்குத்தான் மாப்பிள்ளை.

வெள்ளைத் தாளை வெள்ளையாக எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கேமராவின் மீட்டருக்கு உலகமே நடுத்தரச் சாம்பல் நிறம். வெள்ளையைக் காட்டினால், வெளிச்சம் கூடிப்போய்விட்டதென்று அதுவாகவே குறைக்கச் சொல்லும். நம்பி எடுத்தால் தாள் அழுக்காக விழும். எனவே பின்னணிக்குத் தனியாக இரண்டு விளக்கு. பொருளின் மேல் விழுவதைவிட ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூடுதல். அதற்கு மேல் போனால் பின்னாலிருந்து வெளிச்சம் வழிந்து குடத்தின் விளிம்பைத் தின்றுவிடும். நிழல் தாளில் விழாதிருக்கக் குடத்தை நாலைந்து அடி முன்னால் நகர்த்த வேண்டும். ஸ்டூடியோவின் மொத்த நீளமே அவ்வளவுதான் என்பதால், சில நாள் நான் வாசலில் நின்று படமெடுத்தேன்.

எவர்சில்வருக்கென்று சொந்த நிறம் கிடையாது. ஜன்னல், காலண்டர், டீ கொண்டுவந்த பையன், கேமராவோடு நான், எல்லாருமே குடத்தின் வயிற்றில் தெரிவோம். அதனால் சுற்றிலும் எட்டுமுழ வேட்டியைக் கூடாரமாகக் கட்டி, லென்ஸுக்கு மட்டும் ஒரு ஓட்டை விடுவது வழக்கம். அந்த ஓட்டையும் குடத்தில் கறுப்புப் பொட்டாகத் தெரியும். எல்லாம் வெள்ளையானதும் குடத்தையே காணோம் என்றாகிவிடும். விளிம்பு தெரிய இரண்டு பக்கமும் கறுப்பு அட்டை செருகுவோம். வேட்டிக்கு நீலம் போடக் கூடாதென்று வீட்டில் தினமும் சண்டை.

இத்தனைக்கும் பிறகு மிச்சமிருக்கும் சாம்பலை அச்சகத்து ரீடச்சிங் பெரியவர் பார்த்துக்கொள்வார். நெகட்டிவைக் கண்ணாடி மேஜையில் வைத்து, குடத்தைச் சுற்றி ஒப்பேக் மையை நுனித் தூரிகையால் பூசுவார். மை பூசிய இடத்தில் வெளிச்சம் புகாது. புகாத இடம் அச்சில் வெறும் தாளாக நிற்கும். குடம், அண்டா என்றால் சிரித்த முகம். இட்லித் தட்டு வந்தால் பேச்சு குறைந்துவிடும். சல்லடைப் படத்தோடு நான் போன அன்று, "இதை வித்துத்தான் ஆகணுமா?" என்று கேட்டார்.

இந்தப் பாட்டையெல்லாம் கடந்து புரூஃபைக் கொண்டுபோய்க் காட்டினால் பாத்திரக்கடை அண்ணாச்சிக்குத் திருப்தி வராது. "என்ன தம்பி, இவ்வளவு இடத்தைச் சும்மா விட்டுட்டீங்க? தாளுக்குக் காசு கொடுத்திருக்கோம்ல. ஒரு ரோஜாப்பூவாவது போடுங்க." போட்டோம். வெள்ளையை வெட்டி, அதில் ரோஜாவை ஒட்டினோம்.

1990-ல் பிறந்த ஃபோட்டோஷாப் மெதுவாக எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தது. தூரிகை போய், பென் டூல் வந்தது. புள்ளி வைத்துப் புள்ளி வைத்து விளிம்பை வளைத்துப் போகிற வேலை. முதுகுவலி மட்டும் மாறவில்லை.

இப்போது வெள்ளை என்பது சட்டம். அமேசானில் முதல் படத்தின் பின்னணி சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும்: சிவப்பு 255, பச்சை 255, நீலம் 255. பொருள் படத்தில் 85 சதவீதம் நிறைந்திருக்க வேண்டும். நீலம் போட்ட வேட்டி இந்தத் தேர்வில் நிச்சயம் தேறியிருக்காது. ஒரு தட்டில் வெள்ளை வந்துவிடுவதால் அதற்கு மவுசும் இல்லை. முதல் படத்துக்கு மட்டும் வெள்ளை. அடுத்த படத்துக்கு ஆப் தானே வாழையிலை, பளிங்கு மேடை, ஜன்னலோர வெயில் எல்லாம் தருகிறது. 'நிழல் சேர்' என்று தனியாக ஒரு பட்டனும் உண்டு. எந்த நிழலை ஒழிக்க வாசல் வரை போய் நின்றேனோ, அதை இப்போது மாதச் சந்தா கட்டி வாங்குகிறார்கள். அண்ணாச்சி இருந்திருந்தால் ரோஜாப்பூவும் கேட்டிருப்பார், கிடைத்திருக்கும்.

மருமகனின் ஆப்பிடம் போன வாரம் ஒரு சல்லடையைக் கொடுத்துப் பார்த்தேன். பாதி ஓட்டைகளை அடைத்தே திருப்பித் தந்தது. குடம், அண்டா விற்கிறவர்கள் அவனிடமே போகலாம். இட்லித் தட்டு, ஜல்லிக்கரண்டி, சல்லடை விற்கிறவர்கள் மட்டும் என்னிடம் வாருங்கள். ஓட்டைக்குத் தனி ரேட்.