எதிரணி இல்லாத மேடை

"நீங்கள் நீங்களாகவே இருங்கள்" என்று எங்களுக்குச் சொல்வதற்காக ஒருவர் வெளியூரிலிருந்து கோட்டும் டையுமாக வில்லாபுரம் வந்து இறங்கினார். சித்திரை வெயிலில், மதுரையில், கோட்டு போட்டிருப்பவர் எப்படித் தானாக இருக்க முடியும் என்ற சந்தேகம் மண்டப வாசலிலேயே எனக்கு வந்துவிட்டது.

வாசலில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் மூன்று வாக்குறுதிகள். உண்மையாக வாழ்வது எப்படி, மனிதர்களோடு மனம்விட்டுப் பழகுவது எப்படி, இரண்டே மணி நேரத்தில் புது மனிதராவது எப்படி. முதலாவதும் மூன்றாவதும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்பதை அச்சடித்தவர்கூடக் கவனிக்கவில்லை. நான் நானாகவே இருந்தால் புது மனிதர் எங்கிருந்து வருவார்? அவர் வந்துவிட்டால் வீட்டில் ரேஷன் கார்டில் இருக்கும் ஆள் யார்?

முதல் பயிற்சி பழகுவது பற்றி. "பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடியுங்கள். கண்ணைப் பாருங்கள். ஒரு கேள்வி கேளுங்கள்" என்றார் பேச்சாளர். பக்கத்து நாற்காலிக்காரர் என் கையைப் பிடித்தார்.

"என்னண்ணே, கை இப்பிடிச் சில்லுன்னு இருக்கு? சுகர் பாத்தீங்களா?"

"போன மாசம் பாத்தேன்."

"வீடு எங்கிட்டு?"

"ஹவுசிங் போர்டு."

"அட, எங்க மச்சினனோட சம்பந்தி வீடு அங்கனதான!"

பேச்சாளர் அடுத்த பயிற்சிக்குப் போவதற்குள் அவருடைய பித்தப்பைக் கல், சீட்டுக் கம்பெனியில் போன பணம், பெரிய மகளுக்கு வந்த வரன் மூன்றும் எனக்குத் தெரிந்துவிட்டன. என் சம்பளம் அவருக்குத் தெரிந்துவிட்டது. மண்டபம் முழுக்க இதே கதை. சேர்த்துவைக்க வந்த மனிதர் எங்களைப் பிரிப்பதற்காக மைக்கைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோனார். வில்லாபுரத்திலிருந்து தெற்குவாசல் வரை ஷேர் ஆட்டோவில் முழங்கால் இடிக்கப் போகிற ஜனங்களுக்கு மனிதத் தொடர்பு பற்றாக்குறை என்று அவரிடம் யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே பற்றாக்குறை தனிமைக்குத்தான்.

பிறகு அவர் தன் ஏழ்மைக் காலத்தைச் சொன்னார். அம்மாவின் கிழிந்த சேலையைப் பற்றிச் சொல்லும்போது குரல் உடைந்தது, கண்ணாடியைக் கழற்றினார், கைக்குட்டையை எடுத்தார். எனக்கும் தொண்டை அடைத்தது. அன்று இரவு யூடியூபில் அவருடைய வேறு ஊர்க் கூட்டங்களைப் பார்த்தேன். அதே சேலை, அதே இடம், அதே கைக்குட்டை. ஒரு கூட்டத்தில் கண்ணாடி போட்டுவர மறந்திருக்கிறார். கை மட்டும் பழக்கதோஷத்தில் மூக்கு வரை போய்வந்தது.

இந்தத் தொழிலுக்கே இது பிறவிக்குணம். நியூயார்க்கில் 1912-ல் ஒய்.எம்.சி.ஏ.வில் மேடைப்பேச்சு சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய டேல் கார்னகி, 1936-ல் நண்பர்களைச் சம்பாதிப்பது பற்றிப் புத்தகம் எழுதி உலகப்புகழ் பெற்றார். அடுத்தவர்மேல் காட்டும் அக்கறை உண்மையாக இருக்கவேண்டும் என்பது அவர் உபதேசம். அவரோ தன் குடும்பப்பெயரின் எழுத்துகளை மாற்றி, எஃகு அதிபர் கார்னகியின் பெயரைப் போலவே ஆக்கிக்கொண்டவர். நம்மூர் நியூமராலஜிக்காரர்கள் பெருமைப்படலாம்.

மேடையில் நடிப்பது பாவம் என்று நான் சொல்லமாட்டேன். மதுரைக்காரன் அப்படிச் சொன்னால் சோறு கிடைக்காது. அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் நடத்திய சாலமன் பாப்பையா நடுவராக உட்கார்ந்து, 2021-ல் பத்மஸ்ரீ வரைக்கும் பட்டிமன்றத்தைக் கொண்டுபோன ஊர் இது. பட்டிமன்றத்தில் ஒருவர் இன்றைக்குப் 'பணமே' என்று உயிரை விட்டுப் பேசுவார். அடுத்த வாரம் வேறு ஊரில் 'பாசமே' என்று அதே உயிரை இன்னொரு முறை விடுவார். இரண்டுக்கும் கைதட்டுவோம். எந்த அணி என்று முதலிலேயே அறிவித்துவிடுவதால் அங்கே ஏமாற்று கிடையாது. அவர் இறங்கியதும் எதிரணி எழுந்து, "நண்பர் போன வாரம் என்ன பேசினார் தெரியுமா?" என்று மானத்தை வாங்கும். கடைசியில் நடுவர் இரண்டு பக்கத்துக் காதையும் திருகுவார்.

அந்த மண்டபத்தில் எதிரணி இல்லை, நடுவர் இல்லை. "வேலையை விடு, கனவைத் துரத்து" என்றார். "துரத்தலாங்கய்யா, மாசம் பொறந்தா வாடகைக்கு யார துரத்துறது?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். அதற்குப் பதில் அடுத்த கட்டப் பயிற்சியில் கிடைக்கும் என்றும், அதற்குத் தனிக் கட்டணம் என்றும் தெரிவிக்கப்பட்டது.

மதுரையில் ஒரு மனிதர் நிஜமாகவே புது மனிதரானதுண்டு. 1921 செப்டம்பர் 22 அன்று, மேலமாசி வீதி வீட்டில் காந்தி தன் பழைய உடுப்பைக் களைந்து இடுப்புத்துணிக்கு மாறினார். ஏழைகளிடம் கதர் வாங்கக் காசில்லை என்பதுதான் காரணம். அவர் விட்ட அறிக்கையைப் பாருங்கள்: குறைந்தது அக்டோபர் 31 வரை இப்படி இருக்கப்போகிறேன் என்றார். நாற்பது நாளுக்குத்தான் வாக்குக் கொடுத்தார், சாகும்வரை காப்பாற்றினார். 1931-ல் லண்டனில் அரசரைப் பார்க்கவும் அதே கோலத்தில்தான் போனார். நம் பேச்சாளர்கள் ஆயுளுக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு மண்டபத்துக்கு வெளியே காரில் ஏறுகிறார்கள்.

இந்த இடத்தில் சிரிப்பைக் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். மனிதர்களோடு பழகியவர் என்று வில்லாபுரத்துக்காரர்களிடம் கேட்டால் மார்க்சிஸ்ட் கட்சி லீலாவதியைச் சொல்வார்கள். 1996-ல் இந்த வார்டின் மாமன்ற உறுப்பினரானார். காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கிய தெருக்களுக்கு மாநகராட்சிக் குடிநீர் வரவேண்டும் என்று நின்றார். 1997 ஏப்ரல் 23 அன்று வெட்டிக் கொன்றார்கள். 'உண்மையாக வாழ்வது' என்ற சொல்லை இந்த ஊரில் மைக்கில் சொல்கிறவர், யாருடைய தெருவில் நின்று சொல்கிறோம் என்று ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது.

பேச்சே வேண்டாம் என்பது என் கட்சியல்ல. சோர்ந்து கிடப்பவரை இரண்டு வார்த்தை தூக்கிவிடும். அமெரிக்காவிலிருந்து திரும்பிய எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' படித்து நிமிர்ந்தவர்களை எனக்குத் தெரியும். அவர் புத்தகத்தோடு நிற்காமல் 1988-ல் மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கி ஊர் ஊராகவும் போனார். செய்துவிட்டுப் பேசுகிறவருக்கு எங்கள் மண்டபம் எப்போதும் திறந்திருக்கும்.

மற்றவர்களும் தாராளமாக வரட்டும். விழாக் குழுவினருக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: மேடையில் இன்னும் இரண்டு நாற்காலி போடுங்கள். ஒன்று எதிரணிக்கு, ஒன்று நடுவருக்கு. எதிரணிக்கு ஆள் தேடி அலையவேண்டாம். வாடகையைப் பற்றிக் கேட்ட அந்தப் பின்வரிசைக்காரரையே கூப்பிட்டு உட்காரவையுங்கள்.