ஒரகடம் வட்டாரக் கொல்லைக் கோழிகளும் முட்டைப் பெட்டி மறுப்பும்: ஒரு முன்னாய்வு

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் செய்யத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான், 2013-இல் ராயல் என்ஃபீல்டு. எந்த உதிரி பாகம் எந்த நேரத்தில் எந்த இடத்துக்கு வந்து சேர வேண்டும் என்று எழுதிவைத்து நடத்தும் வட்டாரம் இது. இந்த ஒழுங்குக்கு இன்றுவரை கட்டுப்படாத ஒரே உற்பத்தியாளர், மாத்தூர், வல்லக்கோட்டைப் பக்கத்து வீடுகளின் கொல்லைக் கோழி. தனக்கென்று வைத்த பெட்டியைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அது முட்டை போடும் என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. வைக்கோல் போர், செங்கல் அடுக்கின் சந்து, ஓட்டை உடைசல் போட்ட அட்டைப்பெட்டி என்று பட்டியல் நீளும். இவற்றுள் தலையாயது, நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் திண்ணையோரம் மல்லாத்தி வைத்துவிட்டுத் தூங்கப் போன மஞ்சள் ஹெல்மெட். தலையில் அழுந்தாமல் இருக்க உள்ளே ஓடும் பட்டைகள், அவற்றின்மேல் அலகால் இழுத்துப் போட்ட நாலு வைக்கோல், ஓர் இறகு, நடுவில் சூடு ஆறாத முட்டை. அளவு கச்சிதம். தரக்கட்டுப்பாட்டுத் துறையே வந்தாலும் குறை சொல்ல முடியாது.

முன்னோர் ஆய்வுகள் சில உண்டு. கோழி இடம் தேடி அலைவதற்குக் காரணம் வயிற்றில் இருக்கும் முட்டை அன்று. முந்தைய நாள் கரு வெளியேறிய சூலகப் பையின் ஹார்மோன்கள்தான் என்று உட்-கஷ், கில்பர்ட் ஆகியோர் 1960-களில் எடின்பரோவில் கண்டார்கள். அதாவது இன்றைய அலைச்சலுக்கு நேற்றே உத்தரவு போயாகிவிட்டது. காலையில் நாம் பெட்டியைக் காட்டிக் கெஞ்சுவது காலங்கடந்த மனு.

நேர நிர்வாகத்திலும் கோழி தனி வழி. ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 24 முதல் 26 மணி நேரம். ஆகவே இன்று எட்டு மணிக்கு முட்டை வந்தால் நாளைய முட்டை பெரும்பாலும் இன்னும் தாமதமாக வரும். இப்படியே தள்ளிப்போய்ப் பிற்பகலைத் தொட்டதும் ஒரு நாள் விடுப்பு. பிறகு மறுபடியும் காலை ஷிப்ட். எந்த ஹெச்ஆரிடமும் கேட்டு எடுத்த விடுப்பு இல்லை.

நாமக்கல் பண்ணைகள் இந்தச் சிக்கலைக் கம்பிக்கூண்டால் தீர்த்தன. சரிவான தரை, முட்டை தானே உருண்டு வெளியே வந்துவிடும். இடம் தேர்வு செய்யும் உரிமையே இல்லாதவரிடம் தவறான தேர்வு எப்படி வரும்? இதைத் தீர்வு என்று ஏற்க இவ்வாய்வாளருக்கு மனமில்லை.

களப்பணியில் மாத்தூர்ப் பெரியம்மா ஒருவர் ஒரே வாக்கியத்தில் ஆய்வை முடித்து வைத்தார்: “பெட்டிய வெளிச்சத்துல வெச்சுட்டு, கேமரா மாட்டுன மாதிரி குந்திக்கினு பாத்தா அது எப்பிடிப்பா போடும்?” காலையில் கோழியைப் பிடித்து, விரலால் முட்டை இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிடுவது அவர் வழக்கம். போட்ட பிறகுதான் விடுதலை. வெளியே வந்ததும் கோழி ஊரைக் கூட்டிக் கேறும். அது மகிழ்ச்சி அறிவிப்பா, புகாரா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேற்றுமை நிலவலாம், பெரியம்மாவுக்கு இல்லை. “திட்டுது” என்றார்.

அவர் சொன்னதும் கோழியியல் நூல்கள் சொல்வதும் பெரும்பாலும் ஒன்றே. ஓரடி நீள அகலமுள்ள பெட்டி, நாலைந்து கோழிக்கு ஒன்று, மறைவான மூலையில், அடியில் வைக்கோலோ உமியோ. இரவில் கோழி அடையும் கம்பு பெட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லையேல் பெட்டியிலேயே படுத்து எச்சமிட்டு நாறடித்துவிடும். உள்ளே மரத்திலோ பிளாஸ்டரிலோ செய்த பொய் முட்டை ஒன்று. ஏற்கெனவே ஒருத்தி போட்ட இடம் பாதுகாப்பானது என்று நம்பிப் புதுக் கோழி உட்காரும். இந்தத் தொழில் வட்டாரத்தில் போலி உதிரி பாகத்தால் நன்மை விளைவது இந்த ஒரு நேர்வில்தான்.

இத்தனைக்குப் பிறகும் மசியாவிட்டால் தோல்வியை ஒப்புக்கொண்டு, பெட்டியைக் கோழி தேர்ந்தெடுத்த இடத்துக்கே தூக்கிப் போய் வையுங்கள். ஹெல்மெட்காரர் மட்டும் கம்பெனியில் புதிதாக ஒன்று கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. பழையது எங்கே என்று கேட்டால் தொலைந்துவிட்டது என்று சொல்லுங்கள். உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.