சாவிக்குச் சாவி: ஒரு விசாரணை

புரோகிராமர்களிடையே நெடுநாளாகத் தீராத வழக்கு ஒன்று உண்டு. புதிய செயலி தொடங்குகையில் ரகசியங்களைக் காக்கும் கருவியை முதலில் தேர்வதா, செயலி குடியேறும் கிளவுட் ஹோஸ்டிங்கை முதலில் தேர்வதா? ரகசியம் என்றது டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, ஏபிஐ கீ முதலியவற்றை. காதலையும் பினாமி சொத்தையும் அன்று. கிளவுட்டே முந்தும் என்பது இவ்வாய்வின் துணிபு. என்னை காரணம் எனின், ரகசியப் பெட்டகம் எதுவாயினும், தான் காக்க வந்த ரகசியங்களோடு இன்னும் ஒன்றைக் கூட்டிவிடுகிறது. பத்துப் பாஸ்வேர்டை உள்ளே வைத்தால், பெட்டகத்தைத் திறக்கும் டோக்கன் பதினோராவது. அதை எங்கே வைப்பது? பெரும்பாலும் .என்வ் ஃபைலில், அதாவது முதல் பத்தும் எங்கிருந்து மீட்கப்பட்டனவோ, அங்கேயே.

2015-இல் ஹாஷிகார்ப் வெளியிட்ட வால்ட் என்னும் பெட்டகம் இச்சிக்கலை அறியாததன்று. ஆதி ஷமீர் 1979-இல் வகுத்த முறையில், திறப்புச் சாவியை ஐந்து துண்டாக்கி, மூன்று கூடினால் திறக்கும் என்பதை அது இயல்பு ஏற்பாடாக வைத்திருக்கிறது. ஐவர் உள்ள நிறுவனத்துக்கு இது நன்று. இருவரே உள்ள ஸ்டார்ட்அப்பில் ஒருவர் கைக்கு மூன்று துண்டு போவது கணக்கின்படி தவிர்க்க முடியாதது. ஐந்தும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் கிடப்பது மனித இயல்பின்படி. இத்தனையும் பெட்டகம் கண் விழிப்பதற்கு மட்டுமே. வந்து கதவைத் தட்டும் செயலி இன்னார்தான் என்று சாட்சி சொல்வது யார்? இடம் கொடுத்தவரே சொல்ல முடியும். ஏடபிள்யூஎஸ்ஸில் சர்வருக்கு ஒரு ரோல் கொடுத்துவிட்டால், 169.254.169.254 என்ற முகவரியில் கேட்டதும் சில மணி நேரத்தில் காலாவதியாகும் சாவி கிடைக்கிறது. பாஸ்வேர்டு எதையும் எழுதிவைக்க வேண்டாம். அந்த அடையாளத்தை வால்ட்டும் ஏற்றுக்கொள்கிறது. எதிர்க்கட்சியே ஒப்புக்கொண்டபின் வழக்கில் மிச்சம் அதிகமில்லை.

அற்றன்று, 2019-இல் கேப்பிடல் ஒன் வங்கியில் அந்த முகவரி வழியாகத்தானே சாவி களவாடப்பட்டு, சுமார் பத்துக் கோடிப் பேரின் விவரம் போயிற்று என்பர். மெய்யே. ஆனால் அங்கே ஏமாந்தது தவறாக அமைத்த ஃபயர்வால். ரோலுக்கும் வேண்டியதற்கு மேல் அதிகாரம் இருந்தது. சர்வரின் குரலிலேயே பேசத் தெரிந்த திருடன் வால்ட்டிடமும் அதே குரலில் கேட்டிருப்பான்.

ஆயின் ஹோஸ்டிங் தரும் பெட்டகமே போதும், தனிக்கருவி எதற்கு எனின், அதுவும் பொருந்தாது. குபர்னெட்டிஸின் ‘சீக்ரெட்’ இயல்பாக பேஸ்64-இல் எழுதப்படுவது; எவரும் ஒரு நொடியில் பிரித்துப் படிக்கலாம். ஏடபிள்யூஎஸ் சீக்ரெட்ஸ் மேனேஜர் முறையாக மறையாக்கம் செய்கிறது, ஆனால் ஒரு ரகசியத்துக்கு மாதம் 0.40 டாலர் கேட்கிறது. இந்த விலையைப் பார்த்து, பத்துப் பாஸ்வேர்டையும் ஒரே ஜேசானில் கட்டி ஒரே ரகசியமாகப் பதிவோர் உண்டு. விதிப்படி செல்லும், ஆனால் ஒன்றைப் படிக்க அனுமதி பெற்றவர் பத்தையும் படிப்பார்.