கார்ட்டோட்டி இலக்கணம்

கல்லைத் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு ஆண் கல், பெண் கல் என்று பிரிப்பது சிற்ப மரபு. சிற்பிகள் ஊரான மயிலாடியில் இருந்துகொண்டு ஒன்றையும் வகைபிரிக்காமல் விட்டால் ஊருக்கே இழுக்கு. ஆகவே கோ-கார்ட் என்னும் சிறு பந்தய வண்டி ஓட்டிப் பழகி, பொறியியல் மாணவர் கட்டிய பந்தயக் காரில் ஏறும் பிள்ளைகளை இங்கே வகுத்துரைக்கிறோம். களம், அந்தக் கார்களுக்கான போட்டியாகிய ஃபார்முலா பாரத் நடக்கும் கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே. தட்டிப் பார்க்கும் முறை, ஓட்டிவிட்டு இறங்கியதும் "எப்படி இருக்கு தம்பி?" என்று கேட்பது.

முதல் வகை முனகி. "வண்டி சரியில்லண்ணே" என்பான். எங்கே என்றால் கையை விரிப்பான். அன்றிரவு அணியில் ஒருவரும் தூங்கமாட்டார்.

இரண்டாம் வகை விழுங்கி. "சூப்பரா இருக்குண்ணே" என்பான். சுற்று நேரமும் நன்றாகவே வந்திருக்கும். இவனே ஆபத்தானவன் என்பது எம் துணிபு. காரணம் கேண்மின். கார்ட்டுக்கு சஸ்பென்ஷன் இல்லை, டிஃபரன்ஷியல் இல்லை. பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் பூட்டியவை. சட்டகம் முறுகி உள்பக்கப் பின்சக்கரம் தூக்கினால்தான் வளைவில் ஒழுங்காகத் திரும்பும். அதைக் கையாலேயே சமாளித்து வளர்ந்த பிள்ளை, மாணவர் காரின் கோளாறையும் கையாலேயே சமாளித்துவிடுகிறான். நோய் மறைகிறது. எண்ட்யூரன்ஸ் என்னும் 22 கிலோமீட்டர் ஓட்டத்தில் பாதியில் ஓட்டுநர் மாறியாக வேண்டும். அடுத்து ஏறுபவன் கையில்தான் அது வெளிப்படும்.

மூன்றாம் வகை சொல்லி. "உள்ள திருப்பும்போது முன்னால தள்ளுது, வெளிய வரும்போது மிதிச்சா பின்னால வழுக்குது" என்பான். இந்த வகை பிறப்பதில்லை, லேப்டாப்பில் வண்டி ஓடிய பதிவின் வரைகோட்டைக் காட்டி, "இந்த இடத்துல காலை எடுத்தியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கும் அண்ணன்மார் செய்வது. முனகியைச் சொல்லியாக்கலாம். விழுங்கியை ஆக்குவது கடினம், அவனுக்குக் குறையே இல்லையே.

மாணவப் பொறியாளரும் மூவகையர். இரு வகையினர் தூங்குவதில்லை, மூன்றாமவர் ஸ்பான்சர் தேடிப் போயிருப்பார். ஆதலின் விரிக்கவில்லை.

கார்ட் பழகாதவர் ஓட்டியே ஆகார் என்பாரும் உளர். அது பொருந்தாது. கோவை நரேன் கார்த்திகேயன் ஓட்டிய முதல் பந்தயம் கார்ட் அல்ல, ஃபார்முலா மாருதி என்னும் கார்ப் பந்தயம். 2005-இல் ஃபார்முலா 1 சென்றார். அந்த ஃபார்முலா மாருதியை உருவாக்கிய கரிவரதனின் பெயரைத்தான் மேற்சொன்ன களம் தாங்கியிருக்கிறது.

புறனடை: எத்தனை கோப்பை வாங்கியிருந்தாலும், கல்லூரி மாணவனாய் அணியில் சேர்ந்து, அரசு தந்த ஓட்டுநர் உரிமத்தையும் காட்டினால்தான் போட்டியில் உட்கார விடுவார்கள். சிறுவயது முதல் பந்தயம் ஓட்டியவனும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வரிசையில் நிற்கக் கடவன். ஸ்கிட்பேட் என்னும் தேர்விலோ, இருசக்கர உரிமத்துக்குப் போடுகிற அதே எட்டைக் காரிலும் போட்டுக் காட்ட வேண்டும். இங்கே காலைத் தரையில் ஊன்ற வழியில்லை.