டப்பா வைத்தியர்

ஊருக்கு ஒரு கைராசி வைத்தியர் இருப்பதுபோல், ஒவ்வொரு அபார்ட்மென்ட் பார்க்கிங்கிலும் ஓர் இன்ஜின் வைத்தியர் இருக்கிறார். நாம் வண்டியை ஸ்டார்ட் செய்ததுமே பால்கனியிலிருந்து எட்டிப் பார்ப்பார். "டேப்பெட் சத்தம் வருதே, கேட்குதா சார்?" என்பார். அதுவரை இல்லாத சத்தம் அந்த நொடி முதல் நமக்கும் கேட்கத் தொடங்கும்.

மருந்து கைவசம் உண்டு. சென்னை ஜி.பி. ரோட்டில் பேரம் பேசி வாங்கிய டப்பா. மேலே சீறும் புலி. "ஆயில் மாத்தும்போது இதையும் ஊத்திடுங்க. மைலேஜ் ஏறும், சூடு இறங்கும், இன்ஜின் ஆயுசு டபுள்!" வண்டிக்காரரின் வயதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் மருந்து.

அத்தாட்சி? அவர் காதுதான். "ஊத்தின அன்னைக்கே சத்தம் நின்னுபோச்சு!" நின்றிருக்கும். கருத்துப்போன பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புதிதாக நிரப்பியதும் அதே நாள்தான். வேலை எண்ணெயுடையது, பேர் டப்பாவுக்கு.

"ஆயில்லயே எல்லாம் கலந்துதான் சார் வருது" என்பார் மெக்கானிக். தேய்மானத்தைத் தடுக்கத் துத்தநாகச் சேர்மம், அழுக்கைக் கழுவ டிடர்ஜென்ட், நுரையை அடக்க ஒன்று, சூட்டில் நீர்த்துப்போகாமலிருக்க ஒரு பாலிமர் என எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்படி அளந்து கலந்தவை. மேற்கொண்டு ஊற்றினால் கெடுவது அந்த அளவுதான். வைத்தியர் விடமாட்டார்: "கம்பெனிக்காரன் கஞ்சன்யா. பாதிதான் போடுவான்."

நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் பூசும் பொருளைப் பொடியாக்கிக் கலந்த 'ஸ்லிக் 50' என்ற இதே மாதிரி டப்பாச் சரக்கு ஒன்று அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. விளம்பரத்தில் சொன்னதற்கு ஆதாரம் இல்லை என்று 1996-ல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியது. அடுத்த ஆண்டே கம்பெனி சமரசத்துக்கு வந்தது. இதையும் வைத்தியரிடம் சொல்லிப் பார்த்தோம். "பாத்தீங்களா, அமெரிக்காவிலயே பேசியிருக்கான்!"

அவர் கைவரிசை பைக் பக்கம் திரும்பும்போதுதான் வினை. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் பிளேட்டுகளும் இன்ஜின் எண்ணெயிலேயே ஊறிக் கிடக்கின்றன. பிளேட் பிடிக்க உராய்வு வேண்டும். டப்பாவில் இருப்பதோ உராய்வைக் குறைக்கும் மருந்து. பைக் எண்ணெயில் 'ஜாசோ எம்ஏ' என்று அச்சடித்திருப்பதே கிளட்ச் வழுக்காது என்று சொல்லத்தான். மூன்றாவது மாடிப் பையன் வைத்தியர் பேச்சைக் கேட்டு ஊற்றினான். கத்திப்பாரா மேம்பாலத்தில் முறுக்க முறுக்க வண்டி இரைந்ததே தவிர ஏறவில்லை. தள்ளிக்கொண்டு வந்தவனை வைத்தியர் தட்டிக்கொடுத்தார்: "பாத்தியா தம்பி, இன்ஜின் எவ்வளவு ஃப்ரீயா சுத்துது!"

சென்ற வாரம் அவருடைய காரே முனக ஆரம்பித்தது. மெக்கானிக் வந்து டிப்ஸ்டிக்கை உருவினார். நுனியில்கூட எண்ணெய் ஒட்டவில்லை.

"சார், கடைசியா எப்ப ஆயில் மாத்துனீங்க?"

வைத்தியர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அதான் டப்பா டப்பாவா மருந்து ஊத்தியிருக்கேனே, ஆயில் எதுக்குய்யா?"