பூமி ஏன் இறங்கியது?
கொல்கத்தா வாசகர்களின் வீட்டுக் காப்பீட்டுக் கேள்விகள்

கே: ஃபிளாட்டை 60 லட்சத்துக்கு வாங்கினோம். அந்தத் தொகைக்கே காப்பீடு எடுக்கலாமா? (லேக் மார்க்கெட் வாசகி)

ப: வேண்டாம். அந்த 60 லட்சத்தில் மனைக்கும் இடத்தின் மவுசுக்கும் கொடுத்ததும் இருக்கிறது. தீயோ புயலோ வந்தால் மனை எங்கும் போகாது. சுவரும் கூரையும்தான் போகும். கார்ப்பெட் ஏரியாவை இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்குங்கள். 800 சதுர அடி, அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20 லட்சம். அதற்கு மட்டும் பிரீமியம் கட்டினால் போதும்.

கே: வீட்டுக்கு இன்சூரன்ஸ் என்பது வெளிநாட்டுப் பழக்கம்தானே? (டோலிகஞ்ச் வாசகர்)

ப: இந்தியாவின் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனமான டிரைட்டன் 1850-ல் தொடங்கப்பட்டதே உங்கள் ஊரில்தான். நேஷனல் இன்சூரன்ஸ் 1906 முதல் அங்கேதான் இருக்கிறது. ஆரம்பித்தவர் யாராக இருந்தால் என்ன, நனைவது நம் வீடு.

கே: ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்கிறார்களே, அது என்ன? (சால்ட் லேக் வாசகர்)

ப: 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள பொதுப் பாலிசி. காப்பீட்டு ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்தது என்பதால், எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் அடிப்படை வாசகம் ஒன்றுதான். தீ, மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், கலவரம், தண்ணீர்த் தொட்டி உடைவது எல்லாம் இதில் அடக்கம். கட்டடத்துக்கு எடுத்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம் வரை (உச்சவரம்பு 10 லட்சம்) வீட்டுப் பொருள்களுக்கும் தானாகவே பாதுகாப்பு உண்டு. நகை, ஓவியம் போன்றவற்றை மதிப்புச் சொல்லித் தனியாகச் சேர்க்க வேண்டும்.

கே: 2025 செப்டம்பர் மழையில் ஃபிரிட்ஜும் கட்டிலும் மூழ்கின. நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். எங்களுக்கும் பாலிசி உண்டா? (பவானிப்பூர் வாசகி)

ப: உண்டு. சுவர் வீட்டுக்காரர் பொறுப்பு. பொருள் உங்கள் பொறுப்பு. பொருள்களுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம். ஒரே நாளில் 250 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. தரைத்தளத்தில் இருப்பவர்கள் அடுத்த பருவமழைக்குள் எடுத்துவிடுங்கள். தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகு எடுக்கும் பாலிசி அந்தத் தண்ணீருக்கு உதவாது.

கே: பழைய வீடு. வருஷா வருஷம் சுவரில் ஓதம். கேட்டால் தருவார்களா? (பாக்பஜார் வாசகர்)

ப: மாட்டார்கள். ஓதம் ஊறி ஊறி வருவது. பாலிசி திடீர் ஆபத்துக்கானது. அந்தப் பணத்தில் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

கே: பவ்பஜாரில் மெட்ரோ வேலையால் வீடுகள் இடிந்தனவே, அதற்குக் காப்பீடு கைகொடுக்குமா? (சென்ட்ரல் அவென்யூ வாசகர்)

ப: எல்லோரும் படிக்க வேண்டிய கேள்வி இது. 2019 ஆகஸ்ட் 31 அன்று, கிழக்கு-மேற்கு மெட்ரோவுக்குச் சுரங்கம் தோண்டிய இயந்திரம் நிலத்தடி நீர்ப்படுகையில் மோதியது. தண்ணீரோடு மண்ணும் சரிந்து, துர்கா பித்துரி சந்திலும் சியாக்ராபாரா சந்திலும் வீடுகள் பிளந்தன, சில இடிந்தன. நூற்றுக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டார்கள். 2022 மே மாதம் மறுபடி விரிசல்.

‘நிலம் உள்வாங்குதல்’ பாலிசியின் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அதே பத்தியிலேயே விலக்கும் இருக்கிறது: தோண்டும் பணியாலோ கட்டுமானப் பணியாலோ நிலம் இறங்கினால் இழப்பீடு கிடையாது. விரிசல் ஒன்றுதான்; பூமி தானாக இறங்கியதா, பக்கத்தில் ஒருவர் தோண்டியதால் இறங்கியதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தோண்டியவரால் வந்த இழப்புக்குத் தோண்டியவரிடம்தான் கேட்க வேண்டும். பவ்பஜாரில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 5 லட்சம் ரூபாய் தந்ததும் மெட்ரோ தரப்புதான். உங்கள் தெருவில் பெரிய பள்ளம் தோண்டப் போகிறார்கள் என்றால், வேலை தொடங்குமுன் எல்லாச் சுவர்களையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். விரிசல் புதிது என்று நாளைக்கு நிரூபிக்க அதுதான் சாட்சி.

கே: குளத்தைத் தூர்த்த இடத்தில் ஃபிளாட் மலிவாகக் கிடைக்கிறது... (கரியா வாசகர்)

ப: வாங்காதீர்கள். கொட்டி நிரப்பிய மண் இறங்கினாலும் அதே பத்தியில் விலக்கு. பாலிசியே நம்பாத மண்ணை நீங்கள் ஏன் நம்ப வேண்டும்?

கே: பூஜை விடுமுறையில் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறோம். திருட்டுக்கு? (பெஹாலா வாசகி)

ப: தீ, வெள்ளம் போன்ற ஆபத்து நடந்து, அதனால் 7 நாளுக்குள் பொருள் திருடுபோனால் மட்டும் இந்தப் பாலிசி தரும். வெறும் பூட்டு உடைப்புக்குத் தனிப் பாலிசி வேண்டும். எடுத்துவிட்டு நிம்மதியாக ஊருக்குப் போய் வாருங்கள்.

கே: வீட்டுக் கடனோடு வங்கியே இன்சூரன்ஸ் போட்டுவிட்டது. போதாதா? (ஜாதவ்பூர் வாசகர்)

ப: காகிதத்தை எடுத்துப் பாருங்கள். பல சமயம் அது கடன் வாங்கியவரின் உயிருக்கு எடுத்தது, வீட்டுக்கு அல்ல. வீட்டுக்கு என்றாலும் தொகை கட்டடத்துக்குப் போதுமா, கடன் பாக்கிக்கு மட்டும்தானா என்று பாருங்கள்.

கே: இழப்பு நேர்ந்துவிட்டால் முதல் வேலை? (ஹவுரா வாசகி)

ப: முதலில் ஆட்களைக் காப்பாற்றுங்கள். அடுத்து, படம் எடுத்து, நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள். கிளெய்ம் படிவம் 30 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். சர்வேயர் பார்க்கும் முன் உடைந்ததை அள்ளிக் கொட்டிவிடாதீர்கள். மறுத்துவிட்டால் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிடுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் கொல்கத்தாவிலேயே இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது.

கே: ஒரே ஒரு யோசனை சொல்லுங்கள். (தம் தம் வாசகர்)

ப: இன்று இரவே பாலிசியில் ‘எதற்கெல்லாம் கிடையாது’ என்ற பகுதியைப் படித்துவிட்டு, அதன் நகலை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். பவ்பஜாரில் பலருக்குப் பீரோவைத் திறக்கக்கூட நேரமில்லை.