பள்ளிகொண்டா வட்டாரத்தில் ஆசியச் சண்டைப் படப் பரிந்துரை: ஓர் அறிமுக ஆய்வு

ஆசியச் சண்டைப் படப் பரிந்துரை என்பது, ஒரு படத்தை முன்னரே பார்த்துவிட்டவர், பார்க்காதவரை நிம்மதியாக இருக்கவிடாமல் செய்யும் வாய்மொழிக் கலை. இதற்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும்: "பாருணா" என்று சொல்ல ஒருவர், "பாக்கறேன்பா" என்று சொல்ல ஒருவர். படம் இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. சொல்பவரே பாதியில் நிறுத்திவிட்டு வந்து சொல்லும் வழக்கமும் உண்டு. இக்கலை தமிழகம் முழுவதும் பரவியிருந்தாலும், இங்கே எடுத்துக்கொள்ளப்படுவது பள்ளிகொண்டா வழக்கு. வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே பாலாற்றங்கரையில் உள்ள இவ்வூரை, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் சுங்கச்சாவடியால் அறிவார்கள். மற்றவர்கள் உத்தர ரங்கநாதரால் அறிவார்கள். பெருமாளே பாம்பணையில் சாய்ந்திருக்கும் ஊர் என்பதால், இரண்டரை மணி நேரப் படத்தை எந்தக் கோலத்தில் பார்ப்பது உத்தமம் என்ற கேள்வி இங்கே எழுவதில்லை.

முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல் ஆசியாவின் எல்லை. புவியியல் பாடநூல்கள் சொல்லும் ஆசியா வேறு. பரிந்துரைப்போரின் ஆசியா ஹாங்காங்கில் தொடங்கி, தாய்லாந்து, இந்தோனேசியா வழியாகச் சுற்றி, கொரியாவில் முடிகிறது. ஜப்பான் உண்டு, வாள் இருந்தால். ஈரான் இல்லை, கியரோஸ்தமியின் படங்களில் யாரும் யாரையும் பறந்து உதைப்பதில்லை என்பதால் அவை "அவார்டு படம்" என்னும் வேறு துறைக்கு மாற்றப்பட்டுவிட்டன. இந்தியா ஆசியாவில் இல்லை என்பதில் எல்லாத் தரப்பும் உடன்படுகின்றன.

உட்பிரிவுகளிலும் இதே துணிச்சல் தெரியும். மூத்த தலைமுறைக்கு இவை அனைத்தும் கராத்தே படங்கள். கராத்தே ஒகினாவாத் தீவிலிருந்து வந்தது, புரூஸ் லீ செய்தது குங்ஃபூவின் வழிவந்தது, தாய்லாந்துக்காரர் போடுவது முய் தாய், இந்தோனேசியர் ஆடுவது சிலாட் என்றெல்லாம் எடுத்துச் சொன்னவர்கள் உண்டு. அவர்களை யாரும் இரண்டாம் முறை டீக்கடைக்கு அழைக்கவில்லை.

இத்துறையின் தொல்வரலாறு 1950-ல் வந்த குரோசாவாவின் 'ராஷோமான்' படத்திலிருந்து தொடங்குகிறது. ஒரே கொலையை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகச் சொல்லும் அந்த உத்தியின் தூண்டுதலில் எஸ். பாலசந்தர் 1954-ல் ஏவி.எம். நிறுவனத்துக்காக 'அந்த நாள்' எடுத்தார். பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. 1943-ல் ஜப்பானியர் சென்னையில் குண்டு போட்ட இரவுக்கு மறுநாள் காலையில், சிவாஜி சுடப்பட்டுக் கிடப்பதில் கதை தொடங்குகிறது. ஆக, குண்டும் ஜப்பானுடையது, கதை சொல்லும் முறையும் ஜப்பானுடையது. தமிழ்ப் படம் ஒன்று இவ்வளவு முழுமையாக ஆசியப் படமாக இருந்தது அதற்குப் பிறகு அரிது. ஆயினும் பள்ளிகொண்டாவில் இதைப் பரிந்துரைப்பவர்கள் அறுபது வயதைத் தாண்டியவர்களே. அவர்கள் பரிந்துரைப்பது சிவாஜியை.

முறையான வரலாறு புரூஸ் லீயுடன் வருகிறது. அவர் 1973 ஜூலை 20 அன்று ஹாங்காங்கில், 32 வயதில் இறந்தார். 'என்டர் தி டிராகன்' அடுத்த மாதம் வெளியானது. இந்தக் கால வரிசை பரிந்துரையின் வடிவத்தையே தீர்மானித்துவிட்டது. புரூஸ் லீ படத்தை யாரும் கதையிலிருந்து தொடங்குவதில்லை, சாவிலிருந்து தொடங்குகிறார்கள். மருத்துவர்கள் மூளை வீக்கம் என்றார்கள். பரிந்துரைப்போர் அந்த முடிவை ஏற்கவில்லை. விஷம், சாபம், பொறாமை கொண்ட குரு, தொடக்கூடாத இடத்தில் தொட்ட ஒற்றை விரல் என்று காரணங்கள் வீதிக்கு வீதி மாறும். கேட்பவர் கடைசியில் படத்தின் பெயரைக் கேட்க மறந்துவிடுவார்.

அடுத்தது ஜாக்கி சான் காலம். 'டிரங்கன் மாஸ்டர்' (1978), 'போலீஸ் ஸ்டோரி' (1985) ஆகியவை இதன் தூண்கள். இக்காலத்தின் தனிச்சிறப்பு, படம் முடிந்த பிறகும் பரிந்துரை முடியாதது. எழுத்து ஓடும்போது அடிபட்ட காட்சிகளைக் காட்டுவார்கள். அதற்கு முன் எழுந்து செருப்பைத் தேடுகிறவர் படத்தைப் பார்த்தவராகக் கருதப்பட மாட்டார். 'ஆர்மர் ஆஃப் காட்' (1986) படப்பிடிப்பின்போது யூகோஸ்லாவியாவில் மரத்திலிருந்து விழுந்து அவர் மண்டை உடைந்ததை, பக்கத்து மரத்தில் உட்கார்ந்திருந்ததுபோல விவரிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2008 ஏப்ரலில் 'தசாவதாரம்' பாடல் வெளியீட்டுக்காக அவர் சென்னைக்கே வந்ததும் இத்துறைக்குப் பேருதவி ஆயிற்று. அன்று நேரு உள்விளையாட்டரங்கில் இருந்ததாகச் சொல்பவர்கள் எல்லோரும் உண்மையிலேயே இருந்திருந்தால், அரங்கம் தாங்கியிருக்காது.

இவ்விடத்தில் தோல் தொழிலின் பங்கைச் சொல்லியாக வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எனப் பரந்த இந்தத் தோல் பட்டையிலிருந்து ஹாங்காங் தோல் கண்காட்சிக்குப் போய்வருவது டேனரிக்காரர்களின் நெடுநாள் வழக்கம். ஊரில் ஹாங்காங்கைக் கண்ணால் கண்டவர் அவர்தான். ஆகவே படமே பார்க்காதவராக இருந்தாலும் அவர் சொல்லுக்குத் தனி எடை உண்டு. கண்காட்சி அரங்கத்துக்கு எதிர்க்கரையில், சிம் ஷா சுய் கடற்கரையோரத்தில், 2005-ல் நிறுவப்பட்ட புரூஸ் லீ சிலை இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்று அதே மாதிரிக் கையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டவர், திரும்பி வந்ததும் குங்ஃபூவில் கருத்துச் சொல்லும் தகுதி பெறுகிறார். அதே பகுதியில்தான் இந்தியச் சாப்பாடு கிடைக்கும் சுங்கிங் மேன்ஷன்ஸ் கட்டடமும் உள்ளது. அதை நம்பி "பாய், நான் சாப்ட்ட எடத்துல எடுத்த படம்" என்று 'சுங்கிங் எக்ஸ்பிரஸ்' (1994) பரிந்துரைக்கப்படுவது இத்துறையின் பெரும் விபத்துகளில் ஒன்று. அது வோங் கர் வையின் காதல் படம். அதில் போலீஸ்காரர் இருவர் உண்டு. ஆனால் சண்டைக்குக் காத்திருந்தவருக்குக் கிடைப்பது காலாவதியாகப் போகும் அன்னாசிப்பழ டின்கள்.

தோல் பட்டையின் பார்வையாளருக்கு வேறெங்கும் இல்லாத ஒரு குணமும் உண்டு. வில்லன் துப்பாக்கியை எடுக்கும்போது மற்ற ஊர்க்காரர் துப்பாக்கியைப் பார்ப்பார். இவர் ஜாக்கெட்டைப் பார்ப்பார். செம்மறித் தோல் நாப்பாவா, இல்லை ரெக்சினா என்று தீர்மானமாகாமல் அடுத்த காட்சிக்குள் நுழைய மாட்டார். ரெக்சின் என்று தெரிந்துவிட்டால் அந்த வில்லன் மீது பயம் போய்விடும்.

இப்போது நடப்பது கொரியக் காலம். இக்காலத்தில் சண்டையின் இடத்தைத் 'ட்விஸ்ட்' பிடித்துக்கொண்டது. பரிந்துரையின் இலக்கணமும் மாறிற்று. அதன் செம்மையான வடிவம் இது: "கதை ஒன்னும் சொல்ல மாட்டேன். நீயே பாரு. கொஞ்சம் ஸ்லோவா கீது. ஆனா லாஸ்ட்ல ஒன்னு வெச்சிருக்கான் பாரு…" இதில் முதல் வாக்கியம் பொய். மூன்றாவது எச்சரிக்கை. நான்காவது, படத்தைக் கொல்வது. கடைசியில் ஒன்று இருக்கிறது என்று அறிந்தவர் முதல் காட்சியிலிருந்தே எல்லோரையும் சந்தேகிப்பார். பால்காரர் வந்தாலும் விடமாட்டார்.

இந்த நோயின் தலையாய நேர்வு பார்க் சான் வூக்கின் 'ஓல்ட் பாய்' (2003). 2004-ல் கான் விழாவில் இரண்டாம் பெரிய பரிசான கிராண்ட் பிரீ பெற்றது. குறுகலான நடையில், கையில் ஒரு சுத்தியலோடு, ஒருவர் ஒரு கும்பலையே அடித்து நகரும் காட்சியை வெட்டே இல்லாமல் பக்கவாட்டில் எடுத்திருப்பார்கள். பரிந்துரைப்போர் பேச வேண்டியது அந்த நடையைப் பற்றி மட்டுமே. அதற்கு மேல் ஒரு சொல் போனாலும் படம் பாழ். இன்னொரு விதியும் இதற்கு உண்டு: கூட்டுக் குடும்பத்தில், வரவேற்பறை டிவியில், இதைப் போடக்கூடாது. ஏன் என்று கேட்பவருக்குக் காரணம் சொல்லவும் கூடாது.

போங் ஜூன் ஹோவின் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' (2003) இதைவிடச் சுவையான சிக்கல். 1986 முதல் 1991 வரை ஹ்வாசோங் பகுதியில் நடந்த தொடர்கொலைகளை வைத்து எடுத்த படம். கொலையாளி அப்போது அகப்படவில்லை, படத்திலும் அகப்படவில்லை. கடைசிச் சட்டகத்தில் துப்பறிவாளர் நேராகக் கேமராவைப் பார்ப்பார். 2019 வரை இதைப் பரிந்துரைத்தவர்கள் "கடைசி வரைக்கும் யார்னே தெரியாது" என்று நிறுத்திக்கொண்டார்கள். அந்த ஆண்டு, டி.என்.ஏ. சோதனையால், வேறொரு கொலைக்காக ஏற்கெனவே சிறையில் இருந்த ஒருவரைப் போலீஸ் அடையாளம் கண்டது, அவரும் ஒப்புக்கொண்டார். அதுமுதல் பரிந்துரைப்போர் இரு கட்சியாகப் பிரிந்துவிட்டனர். செய்தியைப் படத்துக்கு முன் சொல்வது முற்கூறுவோர் கட்சி. படம் முடிந்தபின் சொல்வது பிற்கூறுவோர் கட்சி. பின்னதே சரி என்பது இவ்வாய்வின் நிலை. விடை தெரியாமல் அந்தப் பார்வையைச் சந்திக்கும் ஓர் இரவாவது பார்ப்பவருக்குக் கிடைக்க வேண்டும்.

பரிந்துரை வெற்றி பெறுவது பெரும்பாலும் உவமையால். கேட்பவர் அறிந்த ஒன்றோடு முடிச்சுப் போட வேண்டும். டோனி ஜாவின் 'டாம் யும் கூங்' (2005) திருடப்பட்ட யானைகளைத் தேடி ஆஸ்திரேலியா வரை போகும் இளைஞனின் கதை. உணவகத்தின் மாடிப்படிகளில் ஏறிக்கொண்டே அவன் அடிக்கும் ஏறக்குறைய நான்கு நிமிடக் காட்சி ஒரே ஷாட்டில் எடுக்கப்பட்டது. இதையெல்லாம் பெரியவர்களிடம் சொல்லிப் பயனில்லை. "தேவர் பிலிம்ஸ் படம் மாதிரி, மாமா. 'நல்ல நேரம்' பாத்தீங்கல்ல, அதே யானைப் பாசம்" என்றால் போதும். 'டிரெய்ன் டு பூசான்' (2016) படத்தை விளக்க, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ஓடும் ஏலகிரி எக்ஸ்பிரஸின் முன்பதிவில்லாப் பெட்டி உதவுகிறது. அதில் திங்கட்கிழமை காலை ஏறியவருக்கு ஜோம்பி என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. 'தி மேன் ஃப்ரம் நோவேர்' (2010) மட்டும் இம்முறைக்குப் பணிய மறுக்கிறது. நாயகன் அடகுக்கடை வைத்திருப்பவன் என்றதும் வரும் மறுப்பு வலுவானது: "அடகுக்கடைக்காரன் எதுக்குணா அடிக்கணும், வட்டி போட்டாலே போதுமே?"

சப்டைட்டில் சிக்கல் வேறு வகை. ஷூ கம்பெனி பஸ்ஸில் போகவர ஒரு படத்தைப் பல தவணைகளில் கைபேசியில் பார்ப்போருக்கு, குலுக்கலில் ஆங்கில எழுத்து ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமை பார்ப்போருக்குச் சீரகச் சம்பா பிரியாணி தடை. எலும்பைக் கவனித்தால் கொலையாளியைத் தவறவிடுவார்கள், கொலையாளியைக் கவனித்தால் எலும்பை. இவர்களுக்குத் தமிழ் டப்பிங் உத்தமம். அது இல்லாவிட்டால் 'தி ரெய்ட்' (2011). வேல்ஸ் நாட்டுக்காரரான காரத் எவான்ஸ் இந்தோனேசியாவில் எடுத்த அந்தப் படத்தில் போலீஸ்காரர்கள் ஒரு கட்டடத்துக்குள் போகிறார்கள், பிறகு வெளியே வரப் பார்க்கிறார்கள். வசனத்தைத் தவறவிட்டால் நட்டமில்லை.

எந்தப் பரிந்துரையும் கடைசியில் போய் முட்டும் இடம் "இது நம்ம படம்தான்" என்பது. 2020 பிப்ரவரியில் 'பாரசைட்' சிறந்த படத்துக்கானது உட்பட நான்கு ஆஸ்கர் விருதுகளை வென்றபோது, பணக்கார வீட்டுக்குள் ஒரு குடும்பமே ஆளுக்கொரு வேலையில் நுழைவது விஜய்யின் 'மின்சாரக் கண்ணா' (1999) என்று தமிழகம் கண்டுபிடித்தது. தயாரிப்பாளர் தரப்பிலிருந்து வழக்குப் பேச்சும் எழுந்தது. 'மின்சாரக் கண்ணா'வில் நுழைவது காதலுக்காக, 'பாரசைட்'டில் நுழைவது சோற்றுக்காக என்ற வேறுபாட்டை நடுநிலையாளர்கள் குறிப்பிட்டுப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. எதிர்த்திசைச் சான்றுகளும் உண்டு: மிஷ்கினின் 'நந்தலாலா' (2010) கிடானோவின் 'கிகுஜிரோ'வை ஒத்தது, நயன்தாராவின் 'நெற்றிக்கண்' (2021) கொரியாவின் 'பிளைண்ட்' படத்தை உரிமை வாங்கி எடுத்தது. 'பாபநாசம்' என்று தமிழுக்கு வந்த 'திருஷ்யம்' சீனாவுக்கும் போய் 2019-ல் வேறு பெயரில் வந்தது. 'முத்து' 1998-ல் ஜப்பானில் ஓடிய ஓட்டம் ஊரறிந்தது. வரவும் செலவும் ஏறக்குறைய நேராகிவிட்டதாகவே தோன்றும்.

ஆனால் போதிதர்மர் இருக்கிறாரே. காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் சீனா சென்று ஷாவோலின் துறவிகளுக்குச் சண்டைக் கலை கற்பித்தார் என்பதை '7ஆம் அறிவு' (2011) வீடுதோறும் கொண்டுசேர்த்தது. அவரை ஷாவோலின் சண்டையோடு பிணைக்கும் கதை 17-ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றுக்கு முன் கிடைப்பதில்லை என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். பள்ளிகொண்டா இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காஞ்சிபுரமும் பாலாற்றுப் படுகையில்தான். பள்ளிகொண்டா அதற்கு மேற்கே, ஆற்றின் மேல்பகுதியில் இருக்கிறது. தண்ணீர் மேலிருந்து கீழே போவதால், ஷாவோலினுக்கு மூலம் காஞ்சி என்றால் காஞ்சிக்கு மூலம் எது என்று கேட்டுவிட்டு மௌனம் காப்பவர்கள் உண்டு. ஆற்றில் தண்ணீர் ஓடும் ஆண்டுகளில் மட்டுமே இவ்வாதம் செல்லும். உறுதியான உறவு ஒன்று வேண்டுமென்றால், '7ஆம் அறிவு'வின் வில்லன் ஜானி டிரை நுயென் 'டாம் யும் கூங்'கிலும் டோனி ஜாவோடு மோதியவர். இந்த ஒரு தகவலைக் கையில் வைத்திருப்பவர் எந்தக் கூட்டத்திலும் தோற்பதில்லை.

பரிந்துரையின் பலன் நான்கு வகை. பெறுபவர் பார்க்காமலேயே "பாத்துட்டேன், சூப்பர்" என்பது ஒன்று. பரிந்துரைத்தவரும் முழுதாகப் பார்க்காதவராக இருந்தால் இது இரு தரப்புக்கும் வசதி. பாதியில் தூங்கிவிட்டு "ஏதோ மாதிரி இருந்துச்சு" என்பது மற்றொன்று. முழுதும் பார்த்துவிட்டு, "இன்னாபா இதப் போய் பாக்கச் சொன்ன" என்று சண்டைக்கு வருவது மூன்றாவது. சண்டைப் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான எதிர்வினை இல்லை. நான்காவதே உயர்நிலை. அதில் பெறுபவர் படத்தைப் பார்த்து, வியந்து, யார் சொன்னார் என்பதை அடியோடு மறந்து, சில மாதங்கள் கழித்து, முதலில் சொன்னவரிடமே வந்து, "ஒரு கொரியன் படம் ணா, கதை ஒன்னும் சொல்ல மாட்டேன்" என்று தொடங்குவார். அப்போது "நான்தானடா சொன்னேன்" என்று உரிமை கொண்டாடுவது மரபு மீறல். பெயரைத் திருப்பிக் கேட்டுக் கைபேசியில் குறித்துக்கொண்டு, "பாக்கறேன்பா" என்று சொல்வதே முறை.